கிளட்ச் இல்லாத ஹெரால்டு

ஜூன் 4, புதன்

நேற்று மத்தியானம் மகள் பிருந்தா வந்து அவள் அம்மாவை ஓசூருக்குக் காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வசந்தாமணிக்கு இடது முட்டியை மாற்றி வைக்கப் போகிறார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். அப்புறம் ஆவணி பிறக்கும்வரை மகள் வீட்டில்தான். இங்கே நான் மட்டும். உட்கார முடியவில்லை. காலையிலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை இரண்டு தரம் ஏறிப் பார்த்துவிட்டேன். குளிக்கப் போவது ஒரு ஆள். அதில் தண்ணீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

மார்ச்சில் நான் ஓய்வு பெற்றபோது முதலாளி கொடுத்த டைரி இது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் மேஸ்திரியாக இருந்தவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று பீரோ மேல் போட்டிருந்தேன். பேச ஆள் இல்லாத வீட்டில் இதுவாவது இருக்கட்டும்.

காரில் ஏறுவதற்கு முன் வசந்தாமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இனி அந்த ஹெரால்டு கிளட்ச என்னால மிதிக்க முடியாதுங்க. டாக்டரும் வேண்டாம்னுட்டாரு. டிரைவிங் ஸ்கூல்ல உங்க பேரச் சொல்லி வெச்சிருக்கறேன். போய்ப் பழகிக்கங்க. இல்லீன்னா நான் வந்ததும் வண்டிய வித்துப்போட்டு, வீட்டைப் பூட்டிட்டு, ரெண்டு பேரும் ஓசூர்லயே இருந்துக்கலாம். ஓட்டறதுக்கு ஆளில்லாம இந்த வாங்கல் ரோட்டுல உக்காந்துட்டு என்ன பண்றது?"

"ஆவணி வரட்டும் பாக்கலாம்" என்றேன்.

அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அவள் அப்பா வைத்திருந்தது. கல்யாணத்துக்கு அவளுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள், நான் இடது பக்கம் உட்காருகிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாடி கட்டுகிறவன் வேறு, ஓட்டுகிறவன் வேறு. கால் கிளட்சில், கை கியரில், கண் ரோட்டில் என்று மூன்று வேலையை ஒரே சமயத்தில் செய்வது எனக்கு ஒத்து வராது. கிளட்ச்தான் பிரச்னை. மற்றபடி ஒன்றுமில்லை.

ஓசூரில் மகள் வீடு எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல். கீழே இறங்கினால் கூட யாரும் யாரோடும் பேசுவதில்லை. அங்கே என்னால் முடியாது. இதை நான் வெளியே சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

டிரைவிங் ஸ்கூல் வரைக்கும் போனேன். கூட்டமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது.

காலையில் ஹெரால்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. அவளுக்குக் கெட்டுப்போனது இடது கால். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி இருந்தால் அவள் ஓட்டலாம். இப்போது வருகிற ஆட்டோமேட்டிக் கார்களில் கிளட்ச் கிடையாது, இரண்டே பெடல், இரண்டுக்கும் வலது கால் போதும். அப்படி ஒரு காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இதில் தூக்கி வைத்துவிட்டால்? பழைய சேஸிஸ் தாங்காது. அதுவும் துருப்பிடித்துக் கிடக்கிறது. புதிதாக ஒரு சேஸிஸ் கட்ட வேண்டும். ஹெரால்டில் பாடி தனி, சேஸிஸ் தனி. போல்ட்டைக் கழற்றினால் சட்டையைக் கழற்றுவது போல மேலே வந்துவிடும். பஸ்ஸும் அப்படித்தான். எனக்குத் தெரியாத வேலையா இது?

அவள் ஓட்டுவாள். ஓசூர் போக வேண்டாம். ஆவணிக்குள் முடித்துவிட்டால் போதும்.

டிரைவிங் ஸ்கூலுக்கும் போக வேண்டியதில்லை.

ஜூன் 9, திங்கள்

முதலாளியிடம் கேட்டேன். பின்பக்கத்து ஷெட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெல்டர் லூர்துசாமி சாயங்காலங்களில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். திருச்சிக்காரன், நாற்பத்தைந்து வயது, என்னிடம் இருபது வருஷம் வேலை பார்த்தவன். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஹெரால்டை வீட்டிலிருந்து ஷெட்டுக்கு ஓட்டி வந்ததும் அவன்தான்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்டான்.

"வந்து பாத்தா சந்தோஷப்படுவா."

"அப்ப சொல்லல."

"நீ வெல்டிங் பண்ண வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?"

ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேஸிஸும் இன்ஜினும் மாற்றுவதற்கு அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி சொல்லும்வரை வண்டி பட்டறை மதிலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி. வண்டி பதிவு அவள் பேரில் இருப்பதால் அவள் கையெழுத்து வேண்டுமாம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 12, வியாழன்

இன்றுதான் ஆபரேஷன். பிருந்தா நேற்றே "வந்துருங்கப்பா" என்றாள். பஸ் பிடித்து, சேலத்தில் மாறி, ஓசூரில் இறங்கி, ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து, வராந்தா நாற்காலியில் காத்திருக்க வேண்டும். என்னால் ஆகாது. காலை ஏழு மணிக்கே ஷெட்டுக்கு வந்து பாடி போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். எல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, திரும்பத் தட்டி. மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன்.

மூன்று மணிக்குப் பிருந்தா போன் செய்தாள். நல்லபடியாக முடிந்ததாம். மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "உங்கப்பா வந்தாரா?"

"என்ன சொன்னே கண்ணு?"

"பஸ் கிடைக்கலைன்னு சொன்னேன்பா."

பஸ்ஸே கட்டுகிறவனுக்குப் பஸ் கிடைக்கவில்லையாம். போனை வைத்துவிட்டு அடுத்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டேன்.

ஜூன் 21, சனி

செயின் பிளாக் போட்டுப் பாடியைத் தூக்கினோம். தரையிலிருந்து ஏறியதும் ஒரு முனகல் சத்தம். அதைத் தனியாக நான்கு டிரம்மின் மேல் உட்கார வைத்தோம். சேஸிஸ் நினைத்ததை விட மோசம், சில இடங்களில் விரலால் குத்தினால் உதிர்கிறது. நீளம், அகலம், ஒவ்வொரு போல்ட் ஓட்டையும் எங்கே இருக்கிறது என்று அளந்து சுவரில் சாக்பீஸால் வரைந்துகொண்டேன். நம்பர் பொறித்த துண்டை மட்டும் ஆர்.டி.ஓ.வில் காட்டுவதற்காக வெட்டி எடுத்து வைத்தேன்.

"மிச்சத்த ஓரமா வெச்சுக்கலாம்ணே. வேல முடியற வரைக்கும் இருக்கட்டுமே" என்றான் லூர்து.

அவனுக்குத் தெரியாதா? என் பட்டறையில் வாரம் பூராவும் வெட்டிப் போட்ட இரும்பு சனிக்கிழமை காயலான் லாரியில் ஏறிவிட வேண்டும். காலில் இடறுகிற மாதிரி ஒரு துண்டு கிடந்தாலும் எனக்குப் பிடிக்காது. அளவெடுத்தாயிற்று, அப்புறம் அது எதற்கு? லாரி நான்கு மணிக்கு வந்தது, ஏற்றி அனுப்பினேன். ஷெட் இப்போது சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

வசந்தாமணி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். வீடியோவில் காட்டினார்கள். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடிக்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லிக் கட் செய்துவிட்டேன்.

மறுபடி அவளே கூப்பிட்டாள்.

"டிரைவிங் ஸ்கூல் போறீங்களா?"

"ம்."

"எத்தனை கிளாஸ் ஆச்சு?"

"அதெல்லாம் போயிட்டிருக்குது."

பொய் இல்லை. வேலை போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

புது சேஸிஸுக்குப் பாக்ஸ் பைப், அதாவது சதுர இரும்புக் குழாய், வந்துவிட்டது. இரண்டு நீளச் சட்டம், நடுவில் ஐந்து குறுக்குச் சட்டம், மூலைகளில் தட்டு. அங்கங்கே பொட்டு வெல்டிங் வைத்து நிறுத்தியபோதே லூர்து தள்ளி நின்று பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, இதுல நாப்பது பேர ஏத்தி மதுரைக்கு அனுப்பலாம். நிக்கறவங்களுக்குக் கைப்பிடி மட்டும் வெச்சாப் போதும்."

கொஞ்சம் கனம்தான். பஸ் பழக்கம். இரண்டு குறுக்குச் சட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய பைப் வைத்தோம். அவன் சொன்னதற்காக அல்ல, எனக்கே தோன்றியது.

ஜூலை 7, திங்கள்

கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போய் வந்தேன். பின்னால் லாரி இடித்து நொறுங்கிய ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் கிடைத்தது. முன்பாதிக்கு ஒரு கீறல் இல்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சக்கரம் வரை எல்லாம் ஒரே கட்டாக வந்துவிட்டது. முன் சக்கரமே இழுக்கிற வண்டி, அதனால் பின்னால் ஷாஃப்ட் ஓட வேண்டியதில்லை. ஒயரிங்கையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் அறுக்காமல் முழுசாக உரித்துத் தரச் சொன்னேன்.

திரும்பி வரும்போது டெம்போவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பல்லடத்தில் ஒரு இடத்தில் அவன் பிரேக் போட்டபோது என் கால் தானாகத் தரையை அழுத்தியது. "நீங்க டிரைவருங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். எவ்வளவோ வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

ஹெரால்டு ஒல்லி. புது முன்சக்கரங்கள் இரண்டு பக்கமும் பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. லேத்தில் கொடுத்து ஆக்ஸிலைக் குறுக்கினோம்.

வேலை செய்துகொண்டே லூர்துவிடம் வசந்தாமணி எவ்வளவு தைரியசாலி என்று சொன்னேன். பிருந்தா பிறந்த அன்று வலி வந்ததும் அவளே ஹெரால்டை எடுத்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். ரெயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு வலியைத் தாங்கிவிட்டு, கேட் திறந்ததும் கியர் போட்டாள். இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

"நீங்க எங்கண்ணே இருந்தீங்க?"

"பக்கத்துலதான். பைய மடில வெச்சுட்டு."

லூர்து முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கை ஆரம்பித்தான். மற்றவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவன் ஏன் சிரிக்கவில்லை என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்தாயிற்று. யாரும் ஆடியில் புது பஸ் எடுக்க மாட்டார்கள். கட்டி முடித்த பஸ்கள் பெயின்ட் வாசனையோடு பட்டறை முழுக்க நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆட்களுக்கு வேலை குறைவு, ஆளாளுக்கு என் ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்து யோசனை சொல்கிறார்கள். ஒருத்தன் ஏர் ஹாரன் வைக்கச் சொல்கிறான். இன்னொருத்தன் பின்னால் "மகமாயி துணை" என்று எழுதித் தருகிறானாம். துரத்திவிட்டேன். துரத்திய பிறகு யாரும் வரவில்லையே என்றும் இருக்கிறது.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. போனால் ஒவ்வொரு அறையாக லைட்டைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஊரே காவிரிக்குப் போயிருக்கிறது. நாங்கள் இன்ஜினைக் கிளப்பினோம்.

முதலில் கிளம்பவில்லை. சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, எல்லாம் சரி. லூர்துதான் கடைசியில் கண்டுபிடித்தான். இந்தக் காலத்து இன்ஜின் தன் சொந்தச் சாவி பக்கத்தில் இருந்தால்தான் பற்றுமாம். வேறு சாவி போட்டால் திருடன் என்று நினைத்துக்கொள்ளுமாம். உக்கடத்துக்குப் போன் போட்டு, ஒரு டப்பா சாவிகளில் அதைத் தேடச் சொல்லி, பஸ்ஸில் கொடுத்து அனுப்பி, அது வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. அந்தச் சாவியை வைத்ததும் சத்தமே இல்லாமல் ஓட ஆரம்பித்தது. ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

பாடி இல்லாத வெறும் சேஸிஸில் ஒரு ஸ்டூலைக் கட்டி, லூர்து உட்கார்ந்து ஷெட்டிலிருந்து கேட் வரை ஓட்டி வந்தான். "நீங்க உக்காருங்கண்ணே, கழுதக் குட்டிகூட ஓட்டும்" என்றான். எனக்கு வேறு வேலை இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாடியை இறக்கினோம். போல்ட் ஓட்டைகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாப் போல்ட்டையும் முறுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அப்படியே அவள் அப்பா கொண்டு வந்து நிறுத்திய மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, லூர்து பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் டிரைவர் கதவைச் சாத்தினேன். சாத்தவில்லை. நிலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இடது முன்கதவு சாத்துகிறது, ஆனால் மேலே ஒரு விரல் போகிற இடைவெளி. பின்கதவுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கின்றன.

ஆகஸ்ட் 11, திங்கள்

சேஸிஸில் தப்பில்லை. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தேன், மட்டம் வைத்தேன், தூக்குக்குண்டு விட்டேன். கண்ணாடி மேஜை போல இருக்கிறது.

"அதான்ணே தப்பு" என்றான் லூர்து. "நாம கட்டினது நேரு. பழைய சேஸிஸ் கோணல். அந்தக் கோணல்மேல இத்தனை வருஷம் உக்காந்து உக்காந்து பாடியும் கோணிப் போச்சு. இப்பக் கொண்டாந்து நேர்ல வெச்சா கதவு எப்படிச் சாத்தும்?"

அவன் சொன்னது சரிதான். பஸ்ஸில் சேஸிஸ் முதலில் வரும், அதற்குத் தகுந்த மாதிரி பாடியைக் கட்டுவோம். ஏற்கெனவே இருக்கிற பாடிக்குச் சேஸிஸ் கட்டிப் பழக்கமே இல்லை. ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று அளந்தேன், எந்த மூலை எவ்வளவு தாழ்ந்திருந்தது என்று அளக்கவில்லை. துரு தின்றதால் வந்த கோணல், அதை எதற்கு அளப்பது என்று விட்டுவிட்டேன். இப்போது அளக்கலாம் என்றால் பழைய சேஸிஸ் எந்த உலையில் உருகிப் போயிற்றோ.

லூர்து அன்றைக்கே அதை ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னான். அதை இப்போது சொல்லிக் காட்டியிருந்தால் அவனைத் திட்டியாவது இருக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே பஸ் ஜன்னல் ரப்பரை வெட்டி வைத்துப் பார்க்கிறோம். முன்னால் ஏற்றினால் பின்கதவு முட்டுகிறது. பின்னால் ஏற்றினால் முன்கண்ணாடி நெரிகிறது. நாள் பூராவும் இதேதான். ஆவணி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. கதவு சாத்தாத வண்டியைக் காட்டி அவளை இங்கே இரு என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 14, வியாழன்

வேறு வழியில்லை, வசந்தாமணியிடம் போனில் கேட்டேன்.

"ஏன் அம்மணி, நம்ம வண்டி டிரைவர் கதவ நீ எப்படிச் சாத்துவே?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"வண்டிய என்ன பண்ணிப்போட்டீங்க?"

"ஒண்ணும் பண்ணல. தூசி தட்டினேன்."

அப்புறம், "டிரைவிங் ஸ்கூல்ல போன் போட்டுக் கேட்டனுங்க. நீங்க ஒரு நாளுங்கூட வரலைன்னு சொன்னாங்க. சரி, வெக்கறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பட்டறையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பிருந்தா போனில், "அம்மா நேத்துல இருந்து யார்கிட்டயும் பேசலப்பா" என்றாள். மிட்டாய் சட்டைப்பையிலேயே உருகிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல், ஓசூரிலிருந்து பஸ்ஸில், தனியாக. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து நேராகப் பட்டறைக்கு. கையில் ஒரு கைத்தடி. நான் வண்டிக்கடியில் படுத்திருந்தேன், முதலில் கைத்தடியின் ரப்பர் முனைதான் தெரிந்தது.

"இந்தக் காலோட எதுக்குப் பஸ்ல வந்தே?"

"கூட்டியார வேற ஆளு இருக்குதுங்களா?"

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பானெட்டைத் தூக்கச் சொன்னாள், உள்ளே பார்த்தாள். டிரைவர் பக்கம் குனிந்து இரண்டே பெடல் இருப்பதைப் பார்த்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிளட்ச் கிடையாது, கியர் தானாக விழும், வலது கால் மட்டும் போதும், நீ பழையபடி ஓட்டலாம், ஓசூர் போக வேண்டியதில்லை. சொல்லச் சொல்ல எனக்கே என் பேச்சு அதிகமாகத் தெரிந்தது.

"என்ற அப்பா வண்டி. வெட்டறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

"உனக்காகத்தான் அம்மணி பண்ணினேன்."

"எனக்காகவா, உங்களுக்காகவா?"

லூர்து டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். டீ வரவே இல்லை. வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். அவள் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தபடி வந்தாள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 20, புதன்

நான் கூப்பிடவில்லை. அவளே பட்டறைக்கு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஹெரால்டுக்கு எதிரே போடச் சொல்லி உட்கார்ந்தாள்.

"அரவக்குறிச்சி பக்கத்துல பாலத்துக் கட்டைல இடிச்சமே, ஞாபகம் இருக்குதுங்களா? அன்னைலிருந்து இடது முன்னால மூலை தொங்கிப்போச்சு. அதுக்கப்புறம் இந்தக் கதவு நேராச் சாத்தவே இல்ல. அடில முட்டி குடுத்துத் தூக்கித்தான் சாத்துவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா. நீங்க அதுக்குள்ள எறங்கி கேட்டுகிட்டப் போயிருப்பீங்க."

எந்த முட்டி என்று நான் கேட்கவில்லை. அவள் நாற்காலியில் இடது காலை நீட்டி வைத்திருந்தாள்.

அவள் சொல்லச் சொல்ல இடது முன்மூலையை இறக்கினோம். எதிர் மூலையில் ரப்பரை ஏற்றினோம். கண்ணாடி எந்த வளைவில் சத்தம் போடும், எந்தக் கதவில் மழைத் தண்ணீர் வரும், எல்லாம் அவளுக்கு உடம்பில் பதிந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் போட்டோம். நான்கு கதவும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. டிரைவர் கதவை அவளே எழுந்து வந்து ஒரு விரலால் தள்ளினாள். டப்பென்று சாத்திக்கொண்டது. மறுபடி திறந்து மறுபடி சாத்தினாள்.

என் நேரான சேஸிஸின் மேல் இப்போது எங்கே பார்த்தாலும் ரப்பர்த் துண்டு. மேஸ்திரியாக இருந்திருந்தால் இந்த வேலையைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் கதவு சாத்துகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆர்.டி.ஓ. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு காபி போட்டேன்.

சாயங்காலம் பிருந்தாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "தெரியல கண்ணு. உங்கப்பா ஓட்டினா இங்க இருப்பேன். இல்லைன்னா அடுத்த மாசமே வண்டிய வித்துட்டு அங்க வந்துருவேன். அவரு வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி" என்றாள். என் காதில் விழட்டும் என்றுதான் கூடத்தில் நின்று பேசினாள்.

அவள் ஓட்டுவதற்காக அல்லவா நான் இத்தனையும் கட்டினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. அவள் சாப்பாடு போடுகிறாள், நடைப் பயிற்சி செய்கிறாள், ஓசூரிலிருந்து கொண்டு வந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆவணி முகூர்த்தங்களில் பஸ்கள் எல்லாம் போய்விட்டன. பட்டறை மைதானம் காலியாக இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வருகிறார், அதற்குள் வண்டியை நாலு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று லூர்து சொன்னான். கேட்டை உள்பக்கம் பூட்டிவிட்டு வந்து நின்றான்.

டிரைவர் கதவைத் திறந்து, "உக்காரு அம்மணி" என்றேன்.

வசந்தாமணி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியின் முன்னால் சுற்றிப் போனாள். இடது கதவைத் திறந்தாள். முதலில் உட்கார்ந்து, பிறகு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள். பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள்.

"ஏறுங்க."

"நானா?"

"கிளட்ச்தானுங்களே பிரச்னைன்னு சொல்லுவீங்க? அதத்தான் நீங்களே கழட்டி எறிஞ்சுட்டீங்களே."

கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன், அது என் மூக்கின் மேலேயே இருந்தது. லூர்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டி அகலமாக இருக்கிறது, பானெட் நீளமாக இருக்கிறது, எல்லாம் என் மேல் வருகிற மாதிரி இருக்கிறது.

"பயமா இருக்குது" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"பயமாத்தான் இருக்கும். கல்யாணம் முடிஞ்சு பரமத்தி வேலூர்ல இருந்து உங்க வீட்டுக்கு வந்தமே, அன்னைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பா வாய்க்கா ரோட்டுலதான் ஓட்டப் பழக்கியிருந்தாரு. காவேரிப் பாலத்துல லாரிகளுக்கு நடுவுல அன்னைக்குத்தான் மொத மொத. பக்கத்துல ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஆளில்ல."

"நான் இருந்தேனே."

"இருந்தீங்க. கண்ண மூடிட்டு இருந்தீங்க."

நான் மூடித்தான் இருந்தேன். அவள் பார்த்திருப்பாள் என்று இத்தனை வருஷம் நினைக்கவே இல்லை.

பிரேக்கை மிதித்து, கியர் லீவரை இழுத்து, காலை எடுத்தேன். வண்டி தானாக நகர்ந்தது. பதறிப் போய் பிரேக்கை அமுக்கினேன், இரண்டு பேரும் முன்னால் போய் பின்னால் வந்தோம். அவள் ஒரு கையை என் கை மேல் வைத்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டாள். "மெதுவாப் போலாம். யாரு வரப் போறா?" என்றாள்.

மறுபடி எடுத்தேன். நடக்கிற வேகம்தான். பெயின்ட் ஷெட்டைத் தாண்டினோம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினோம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் இடது பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, மதில் ஓரத்துப் புங்கமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ரோட்டைப் பார்க்காத அவள் முகமே எனக்குப் புதிதாக இருந்தது.

மைதானத்தின் கோடிக்கு வந்தோம். முன்னால் மதில். கொஞ்சம் கொஞ்சமாக அது நெருங்கியது.

"எந்தப் பக்கம் திருப்பட்டும்?" என்று கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? ஓட்டறவங்களுக்குத்தான் தெரியோணும்" என்று சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.